கண்ணும் கண்ணாடியும்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து சகோதரி ஒருவர் நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த பெண்ணுக்குப் பத்து வயது. கரும்பலகையில் எழுதுவது தெரியவில்லை என்று குழந்தை சொல்ல, பள்ளிக்கூடத்து ஆசிரியை கண் வைத்தியரிடம் காட்டும்படி சொல்லியனுப்பினாராம். வைத்தியர் சோதித்துப் பார்த்து, இது கிட்டப்பார்வை என்று மூக்குக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று முதல் வீடு மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறது.

மாமியார் பொன்னாங்கண்ணிக் கட்சி. வாரம் இரண்டு எண்ணெய் ஸ்நானமும், ஒரு மண்டலம் கீரையும் கொடுத்தால் கண்ணாடி எதற்கு என்கிறார். கொழுந்தனார் அப்பியாசக் கட்சி. கண்ணுக்குத் தேகப் பயிற்சி கொடுத்துக் கண்ணாடியைக் கழற்றி எறியலாமென்று கூறும் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்திருக்கிறார். கணவர் எந்த மருந்தையும் சொல்லவில்லை. "பெண் குழந்தை, இந்த வயசிலேயே கண்ணாடி போட்டால் நம்பர் ஏறிக்கொண்டே போகும். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இந்த மூன்று கட்சிகளுக்கும் நடுவில், வைத்தியர் கொடுத்த சீட்டு ஐந்து மாதமாகச் சுவாமி அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. குழந்தை முதல் பெஞ்சுக்கு மாறி, பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறது.

"இயற்கையான முறையில் பார்வையைச் சீர்ப்படுத்த முடியுமா, முடியாதா? நாங்கள் எந்தக் கட்சியில் சேர்வது?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

இந்தக் கேள்விக்கு விடையளிக்க நமக்கு ஒரு தகுதி உண்டு. நாமே ஒரு காலத்தில் அப்பியாசக் கட்சியில் ஆறு மாதம் தீவிர அங்கத்தினராயிருந்தோம். காலையில் இரு உள்ளங்கைகளையும் குவித்துக் கண்களை மூடிக்கொண்டு அரை மணி நேரம் இருட்டைத் தியானித்தோம். பிறகு தாழ்வாரத்தில் நின்று யானையைப் போல் இடமும் வலமுமாக ஆடினோம். இதைக் கண்ட எதிர்வீட்டுக்காரர், ஐயாவுக்கு உடம்பு எப்படியிருக்கிறது என்று நம் வீட்டாரிடம் தனியாக விசாரித்தார். கண்ணாடி மேஜை அறைக்குள் போயிற்று. ஆறாவது மாதம் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட ஒருவரை நெடுநாளைய சிநேகிதர் என்று எண்ணித் தோளைத் தட்டி உபசரித்தோம். கிட்ட வந்ததும்தான், நாம் சில மாதங்களாகச் சந்திக்காமல் தவிர்த்துவந்த கடன்காரர் அவர் என்று தெரிந்தது. அன்று மாலையே கண்ணாடி மூக்குக்குத் திரும்பியது.

இந்த அப்பியாசங்களுக்கெல்லாம் மூலபுருஷர் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் இருந்த டாக்டர் வில்லியம் ஹொரேஷியோ பேட்ஸ் என்பவர். 1860-ல் பிறந்த இவர் முறையாகப் படித்துப் பட்டம் பெற்ற கண் வைத்தியர்தான். 1902-ல் திடீரென்று காணாமற் போய், லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்டுபிடிக்கப்பட்டு, மறுபடியும் மறைந்து, பல வருஷங்களுக்குப் பிறகு வேறோர் ஊரில் வைத்தியம் செய்துகொண்டிருந்ததாக இவருடைய சரித்திரம் ஒரு துப்பறியும் நாவலைப் போல் போகிறது. 1920-ல் கண்ணாடியில்லாமல் பார்வைக் குறையைத் தீர்ப்பது பற்றிய புத்தகத்தை வெளியிட்டார். கண்ணின் குறைகளெல்லாம் மனத்தின் முறுக்கத்தினால் வருகின்றன; முறுக்கம் தளர்ந்தால் குறையும் தீரும்; கண்ணாடி என்பது ஊன்றுகோல்; அது நோயை வளர்க்கும். இதுதான் அவருடைய சித்தாந்தம்.

நம் நாட்டில் இச்சித்தாந்தத்தைப் பரப்பியவர் டாக்டர் ஆர். எஸ். அகர்வால். புதுச்சேரி அரவிந்தாசிரமத்தில் இதற்கென்று ஒரு பள்ளியே ஏற்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி பதினாறு வயதில் கண் நோயால் ஏறக்குறைய குருடாகி, பிற்காலத்தில் பேட்ஸ் முறையைப் பின்பற்றிக் கண்ணாடியின்றிப் படிக்க முடிகிறது என்று 1942-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆனால் 1952-ல் ஹாலிவுட்டில் ஒரு விருந்தில் அவர் காகிதத்தை எதிரே வைத்துச் சரளமாகப் பேசி வருகையில் இடையே தடுமாறினாராம். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோயும் தெரியாமல், சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாராம். அதுவரை மனப்பாடமாகப் பேசியிருந்தார் என்பது அப்போதுதான் சபையோருக்கு விளங்கியது என்று, அங்கிருந்த பதிப்பாளர் பென்னட் செர்ப் எழுதிவைத்திருக்கிறார். இதைச் சொல்வது ஹக்ஸ்லியைப் பரிகசிப்பதற்காக அல்ல. பார்வை திரும்ப வேண்டுமென்று ஒரு மனிதர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதை நினைத்தால் நமக்குக் கண்ணில் நீர்தான் வருகிறது.

இயற்கை வைத்தியத்தில் காந்தியடிகளைவிடப் பெரிய பக்தர் யார்? மண் பட்டியும் நீர்ச் சிகிச்சையும் தம் உடம்பில் பரீட்சை செய்து பார்த்தவர். உருளிகாஞ்சனில் 1946-ல் இயற்கை வைத்திய நிலையத்துக்கு வித்திட்டவர். அந்த மகாத்மாவின் வட்டமான மூக்குக் கண்ணாடி இன்றும் நம் நாட்டின் ரூபாய் நோட்டில் இருக்கிறது. கொழுந்தனாருக்கு இதை ஒரு முறை காட்டலாம்.

பேட்ஸ் எங்கே தவறினார்? கண்ணுக்குள் ஒரு சிறிய லென்ஸ் இருக்கிறது. தூரத்தில் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள வளையம் போன்ற தசை ஓய்ந்திருக்கும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் தசை இறுகி, லென்ஸ் பருத்துக்கொள்ளும். இது லென்ஸின் வேலை என்பதை 1801-லேயே தாமஸ் யங் என்ற ஆங்கில வைத்தியர் தம் கண்களிலேயே சோதித்து நிலைநாட்டினார். பேட்ஸோ லென்ஸுக்கு இதில் சம்பந்தமில்லை, கண்ணை வெளியிலிருந்து பிடித்திருக்கும் தசைகளே முழு விழியையும் அமுக்கி நீட்டுகின்றன என்றார். அது உண்மையானால் அப்பியாசத்தால் விழியைத் திருத்தலாம். உண்மையல்லவே! கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் விழியின் நீளம் அதிகமாகிவிடுவது. வயது வந்தவரின் விழி முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் இருக்கும். அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று என்று ஏறிவிடும். நீண்ட விழி கையைப் பொத்தி உட்கார்ந்தால் குறுகாது. குழந்தைக்கு வளர்ந்த காலைக் குறுக்க முடியுமா?

அப்படியானால் எத்தனையோ பேர் நன்மையடைந்தோம் என்கிறார்களே, அவர்களெல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. வெகு நேரம் கிட்டத்தில் பார்த்த கண்ணில் அந்த வளையத் தசை இறுகியபடியே நின்றுவிடுவதுண்டு. அப்போது இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் தோன்றும். ஓய்வு கொடுத்தால் அது போய்விடும். இன்னும் சிலருக்குக் கண்ணீர்ப் படலம் கருவிழியின் மேல் ஒரு கணம் சரியாகப் படிந்து, லென்ஸ் வைத்ததுபோல் எழுத்துத் தெளிவாகத் தெரிந்து மறையும். நமக்கும் அது நேர்ந்தது. அன்று நாம் வீட்டில் அனைவருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தோம். மங்கலான எழுத்தை ஊகித்துப் படிக்கும் சாமர்த்தியமும் பழக்கத்தில் கூடும். இவையெல்லாம் உண்மையான அநுபவங்கள்தான். விழியின் அளவு மட்டும் மாறவில்லை.

கண் அப்பியாசம் என்றாலே பயனற்றது என்று நாம் சொல்வதாக நேயர்கள் நினைத்துவிடக் கூடாது. கிட்டத்தில் படிக்கும்போது இரு கண்களும் மூக்கை நோக்கி ஒன்றுசேர்ந்து திரும்ப வேண்டும். சிலருக்கு அந்தச் சக்தி குறைந்து, எழுத்து இரண்டாகத் தெரிந்து, தலைவலி வரும். அவர்களுக்கு வைத்தியர் மேற்பார்வையில் கற்றுத்தரும் அப்பியாசம் நல்ல பலன் கொடுக்கிறது என்பது பரீட்சைகளில் தெளிவாகியிருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட கோளாறுக்கு ஒரு குறிப்பிட்ட சிகிச்சை. அதை எல்லாக் கண்ணுக்கும் சஞ்சீவியாக்குவதுதான் தப்பு.

பார்வையின் பவர் வேறு, கண்ணின் களைப்பு வேறு. களைப்பைத் தீர்க்க இயற்கை முறை தாராளமாக உண்டு; அவற்றுக்குச் செலவும் இல்லை. சாதாரணமாக மனிதர் நிமிஷத்துக்குப் பதினைந்து முறைபோல் கண் சிமிட்டுகிறார். புத்தகத்திலோ, அதைவிட முக்கியமாகக் கைப்பேசியிலோ கணினியிலோ ஆழ்ந்துவிட்டால் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. சிமிட்டும்போதுதான் கண்ணீர் புதிதாகப் பரவுகிறது. சிமிட்டாத கண் மின்விசிறிக் காற்றில் காய்ந்த வயல் போல வெடிக்கிறது; உறுத்தல், சிவப்பு, எரிச்சல் எல்லாம் அதனால்தான். ஆகவே வேலைக்கு நடுவே கண்ணை நன்றாக மூடி மூடித் திறக்க வேண்டும். விசிறியின் காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி நாற்காலியைத் திருப்பிப் போட வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை 20 அடிக்கு அப்பால் உள்ள எதையேனும் 20 விநாடி பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். அந்தச் சமயத்தில் உள்ளேயிருக்கும் தசை கைவேலையைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்துகொள்கிறது. ஜன்னலுக்கு வெளியே தென்னை மரமோ கோபுரமோ இருக்கிறவர்கள் பாக்கியசாலிகள். பட்டணத்தில் இருக்கிறவர்கள் எதிர்வீட்டு மொட்டை மாடியைப் பார்க்கலாம். உலர்த்தியிருக்கும் துணிகளை மட்டும் எண்ண வேண்டாம்.

புத்தகத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு சாண் போதாது. முழங்கையை மேஜையில் ஊன்றி முஷ்டியைக் கன்னத்தில் வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவாவது வேண்டும். படுத்துக்கொண்டு படிக்கும் குழந்தைக்கு இந்தத் தூரம் தானாகக் குறைந்துவிடும். இருட்டறையில் கைப்பேசியின் வெளிச்சம் மாத்திரம் முகத்தில் விழும்படி வைத்துக்கொள்வதும் கண்ணுக்குச் சிரமம். உள்ளங்கையால் கண்ணைப் பொத்திக்கொள்ளும் பேட்ஸ் வித்தையைக்கூட, கண்மணியை அழுத்தாமல், ஐந்து நிமிஷம் செய்வதில் ஒரு தோஷமுமில்லை. நாம் இன்றும் செய்கிறோம், கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு. அது ஓய்வுக்காக, பவர் குறைவதற்காக அல்ல.

இனி மாமியாரின் கட்சிக்கு வருவோம். நம்மவர்கள் கீரையையும் கண்ணையும் சேர்த்துச் சொன்னதில் பெரிய உண்மை இருக்கிறது. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு விழித்திரையில் ஒரு நிறப்பொருள் வேண்டும். அதைச் செய்ய வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். விளக்கேற்றும் வேளையில் குழந்தை தடவித் தடவி நடக்கும். வட்டிலில் இருக்கும் சோற்றைக் கையால் தேடும். அப்பொழுதும் கவனிக்காவிட்டால் கருவிழி உலர்ந்து, கரைந்து, பார்வையே போய்விடும். இந்தக் கொடுமைக்கு நம் நாட்டு ஏழைக் குழந்தைகள் எத்தனை ஆயிரம் பேர் பலியானார்கள்! 1970-ல் இந்திய அரசாங்கம், சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறை இந்த வைட்டமினை வாயில் ஊற்றும் திட்டத்தைத் தொடங்கியதற்கு அதுவே காரணம். முருங்கைக் கீரையும் அகத்தியும் பொன்னாங்கண்ணியும், பழுத்த பப்பாளியும் மாம்பழமும், புலால் உண்பவர்களுக்கு ஈரலும் முட்டையும் இந்தச் சத்தைத் தருகின்றன. கீரையில் உள்ளது உடம்பில் சேர வேண்டுமானால் கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ அதனுடன் இருக்க வேண்டும். கீரையைத் தாளித்துக் கொட்டிய நம் பாட்டிமார் இரசாயனம் படிக்காமலே சரியாகச் செய்தார்கள்.

ஆனால் பொன்னாங்கண்ணி தின்றால் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரியும் என்பதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பசித்தவனுக்குச் சோறு போட்டால் தெம்பு வரும்; வயிறு நிரம்பியவனுக்கு இன்னும் பத்துப் படி போட்டால் பீமனாகிவிடுவானா? சத்துக் குறைவால் மங்கிய கண்ணைக் கீரை காப்பாற்றும். நீண்ட விழியை அது குறுக்காது. நாற்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்தையும் நீக்காது. லென்ஸ் தன் இளக்கத்தை இழந்துவிடுவதனால் வருவது அது. அதற்குச் சாளேசரம் என்றும் ஒரு பெயர். ஹிந்துஸ்தானியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. எந்த வயதில் வரும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இயற்கை முறைகளில் மிகவும் பெரியது எதுவோ, அதை இந்த மூன்று கட்சியாரும் சொல்லவில்லை. அது வெட்டவெளி.

கிழக்காசியாவின் பெரிய நகரங்கள் பலவற்றில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் கிட்டப்பார்வைக்காரர்களாயிருக்கிறார்கள். இதற்கு என்ன பரிகாரம் என்று சீனாவில் குவாங்ஜோ நகரத்தில் 2010-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். பன்னிரண்டு ஆரம்பப் பள்ளிகளில், ஆறு பள்ளிகளின் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு மட்டும் தினம் 40 நிமிஷம் வெளியில் ஒரு வகுப்புக் கூட்டிக் கொடுத்தார்கள். வேறு மருந்தில்லை, மாத்திரையில்லை. மூன்று வருஷம் கழித்துப் பார்த்தால், வழக்கப்படி இருந்த பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்த குழந்தைகள் நூற்றுக்கு 39.5, வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4. தைவான் தேசத்தில் 2010 முதல் பள்ளிக் குழந்தைகள் தினம் 120 நிமிஷம் வெளியில் இருக்க வேண்டுமென்று ஓர் இயக்கமாகவே நடத்தியிருக்கிறார்கள். நன்றாக விளக்கெரியும் அறைக்குள்ளும் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். பகலில் மரத்தடி நிழலில்கூட அது பல ஆயிரம். அந்தப் பேரொளி விழித்திரையில் சுரக்கச் செய்யும் ஒரு பொருள் விழி நீளமாக வளர்வதை அடக்குகிறது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

நம் குழந்தைகளுக்கோ வருஷத்தில் முக்கால் பாகம் சூரியன் இலவசமாகக் காய்கிறது. பள்ளி விட்டதும் அவர்களைத் தனிப் படிப்புக்கு அனுப்புகிறோம். அங்கிருந்து வந்ததும் வீட்டுப் பாடம். அது முடிந்ததும், பாவம், களைத்துப் போயிருக்கிறானே என்று கையில் கைப்பேசியைக் கொடுக்கிறோம். பாண்டியும் பச்சைக் குதிரையும் கிட்டிப் புள்ளும் விளையாடின தெருவில் இப்போது வண்டிகள் நிற்கின்றன. பெண் குழந்தையானால் பத்து வயதிலேயே "வெயிலில் போகாதே, கறுத்துவிடுவாய்" என்ற தடை உத்தரவு வேறு. கல்யாணச் சந்தையை நினைத்துக் கண்ணாடியை மறுக்கும் தகப்பனார்கள், அதே சந்தையை நினைத்து வெயிலையும் மறுத்தால் கண் எப்படிப் பிழைக்கும்? ஒரு விஷயம்: வெளியில் விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காப்பதில்தான் அதிகப் பலன் தருகிறது, வந்துவிட்டதைத் துடைத்துவிடாது. ஆகையால் அந்தச் சகோதரியின் இளைய குழந்தைகளை இன்று மாலையே வெளியில் விரட்ட வேண்டும்.

வெட்டவெளி என்றதும் சூரியனை உற்றுப் பார்க்கும் சிகிச்சை ஒன்றிருப்பது நினைவு வருகிறது. அதை ஒருவரும் செய்யக் கூடாது. நேராகப் பார்த்தால் விழித்திரை வெந்துபோகும். அந்தப் புண் வலிக்காது, ஆறவும் ஆறாமற் போகலாம். கண்ணில் தாய்ப்பால் பீச்சுவது, நந்தியாவட்டைப் பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது இவையும் வேண்டாம். வயலில் நெல்லின் சுனை பட்டுக் கீறிய கண்ணில் இவற்றை விட்டு, புண் சீழ்பிடித்துக் கண்ணை இழந்தவர்கள் நம் கிராமங்களில் உண்டு. திராடகம் என்ற யோகக் கிரியையை மனம் ஒருமைப்படுவதற்காகச் செய்கிறவர்கள் செய்யட்டும். கண்ணாடியைக் கழற்றுவதற்காக வேண்டாம்.

நமக்கு மிகவும் வேண்டிய சிநேகிதர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தெட்டு வயதில் நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். மாடிப்படியில் கடைசிப் படி இருப்பது தெரியாமல் இரண்டு முறை விழுந்தார். பார்வை கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று தாமே முடிவு செய்து, கண் அப்பியாசம் கற்றுத்தரும் ஒருவரிடம் சேர்ந்தார். அங்கே தினமும் சுவரில் உள்ள எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்களாம். கடைசி வரி வரையில் தங்கு தடையின்றிப் படித்தார். "பார்த்தீர்களா, இருபது வயசுக் கண்!" என்று நம்மிடம் வந்து மார்தட்டிக்கொண்டார். நாமும் சந்தோஷப்பட்டோம். நம்முடைய மேஜை அறையிலிருந்த பழைய அப்பியாசப் புத்தகத்தை அவருக்குக் கொடுத்தவர்களும் நாமே.

பத்து மாதம் கழிந்து, அவருடைய மகள் வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கிளாக்கோமா என்றார்கள். கண்ணின் உள் நீர் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும் நோய் அது. வலி கிடையாது. பக்கப் பார்வையைத்தான் முதலில் தின்கிறது. நடுப்பார்வையைக் கடைசிவரையில் விட்டுவைக்கிறது. அதனால்தான் அட்டையெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நரம்பில் செத்த பாகத்தை உயிர்ப்பிக்க எந்த வைத்தியத்தாலும் இயலாது. மிச்சமிருப்பதைக் காக்க இன்று இரவுதோறும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். தெருவில் போகும்போது நம்முடைய கையைப் பிடித்துக்கொள்கிறார். அவர் நம்மை ஒரு வார்த்தை கடிந்துகொண்டதில்லை. நாற்பது வயதானவர்கள், முக்கியமாகக் குடும்பத்தில் இந்நோய் இருப்பவர்களும் நீரிழிவுக்காரர்களும், கண் நன்றாகத் தெரிகிறது என்ற காரணத்தைக் கொண்டே சோதனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம்.

கண்புரைக்கும் கீரையில்லை, அப்பியாசமில்லை, அறுவைதான். அதற்கு வைக்கும் செயற்கை லென்ஸை ஒரு காலத்தில் அயல்நாடுகளிலிருந்து பெருவிலை கொடுத்துத் தருவித்தோம். மதுரையில் 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் ஸ்தாபனத்தார், 1992-ல் அந்த லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்து, விலையை ஏழைக்கு எட்டும்படி இறக்கினார்கள். இன்று அது பல தேசங்களுக்கு ஏற்றுமதியாகிறது. சுதேசி என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது.

கும்பகோணத்துச் சகோதரிக்கு நம்முடைய பதில் இதுதான். சீட்டைச் சுவாமி அலமாரியிலிருந்து எடுங்கள். ஐந்து மாதமாகிவிட்டபடியால் மறுபடி சோதித்து, கண்ணாடி வாங்கிப் போடுங்கள். கண்ணாடியால் நம்பர் ஏறுவதில்லை; குழந்தை வளர்கிறது, விழியும் வளர்கிறது, அதனால் ஏறுகிறது. மலேசியாவில் வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. அந்தக் குழந்தைகளுக்குத்தான் கிட்டப்பார்வை அதிகமாக ஏறியது. வேகமாக ஏறினால் அதை மட்டுப்படுத்த இப்போது சொட்டு மருந்தும் விசேஷக் கண்ணாடிகளும் உண்டு. ஆறு மாதத்துக்கொரு தடவை வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள். இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து வரப்போகும் யாரோ ஒரு மாப்பிள்ளைக்காக, இன்று கரும்பலகையில் உள்ள கணக்கைக் குழந்தையிடமிருந்து மறைக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் நாம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கொழுந்தனாரை மாலை ஐந்து மணிக்குக் குழந்தைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகும் உத்தியோகத்தில் நியமியுங்கள். மாமியார் முருங்கைக் கீரை வதக்கிப் போடட்டும். எண்ணெய் ஸ்நானத்தையும் நாம் ஆட்சேபிக்கவில்லை. சீயக்காய் மட்டும் கண்ணில் விழாமல் தேய்க்கச் சொல்லுங்கள்.